சிதறிய கோதுமையும் சேர்ந்திருக்கும் குரங்கும்: உணவூட்டப்படும் ஜப்பானியக் குரங்குக் கூட்டங்களில் நட்புறவு

மனிதர் உணவிடும் காட்டுக் குரங்குகளைப் பற்றிய நம் அறிவில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து வந்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் இமானிஷி கின்ஜியும் அவருடைய மாணவர்களும் 1948-இல் கோஷிமா என்னும் சிறு தீவுக்குச் சென்றபோது, அங்கிருந்த குரங்குகள் மனித வாடை பட்டாலே மரங்களுக்குள் மறைந்தன. 1952-இல் கடற்கரை மணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கோதுமையும் வைத்த பிறகே அவை வெளியே வந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் ஓய்தா நகர மேயர் உவேதா தமோத்சு, பயிரை அழித்துவந்த தகசகியாமா மலைக் குரங்குகளைச் சங்கு ஊதி அழைத்து உணவிட்டுப் பழக்கினார். 1953-இல் அம்மலை குரங்குப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஒவ்வொரு குரங்குக்கும் பெயரிட்டு முகத்தால் அடையாளம் காணும் ஆய்வுமுறை இத்தகைய உணவிடங்களில்தான் வேரூன்றியது.

அந்த ஆய்வுமுறை கண்டது என்ன என்பதே முதல் கேள்வி. இதானி ஜுனிச்சிரோ 1954-இல் வெளியிட்ட தகசகியாமா நூல், ஜூபிடர் என்று பெயரிடப்பட்ட தலைமை ஆணை நடுவில் வைத்து, பெண்களும் குட்டிகளும் அதைச் சூழ, இள ஆண்கள் வெளிவட்டத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு சமூகத்தை வரைந்தது. 1958-இல் ஆய்வாளர்கள் கவமுராவும் கவாயும், மகள் தாயின் தரத்தை ஒட்டி நிற்பதையும் சகோதரிகளில் இளையவள் மூத்தவளைவிட உயர்வதையும் விதிகளாக வகுத்தனர். தரமே எல்லாம், நட்பு அதன் நிழல் என்னும் எண்ணம் இவ்வாறு நிலைபெற்றது.

மறுப்பு காட்டிலிருந்து வந்தது. யாகுஷிமா, கின்கசான் தீவுகளில் மனிதர் இடும் உணவே இல்லாத கூட்டங்களைப் பின்தொடர்ந்தவர்கள் அந்த வட்ட அமைப்பை அவ்வளவு தெளிவாகக் காணவில்லை. யாகுஷிமாவில் இளையவள் உயரும் விதியும் பொருந்தவில்லை என 1990-களில் தெரியவந்தது. ஆகவே, உணவிடத்தில் கண்டவை மனிதர் உண்டாக்கிய திரிபு என்றும், உணவூட்டம் போட்டியைக் கூட்டி உறவைக் கெடுக்கிறது என்றும் பலர் முடிவுகட்டினர். இந்த முடிவின் பாதியை நான் ஏற்கிறேன். தரவரிசை கூர்மையாகிறது என்பது சரி. நட்புறவு கெடுகிறது என்பது அதிலிருந்து தானாகப் பிறக்காது.

குரங்கின் நட்பு எது? அருகருகே உடல் ஒட்டி உட்காருதல், பிறருடைய குட்டியைத் தொட இசைவு பெறுதல், ஒரே இடத்தில் சேர்ந்து உண்ணுதல், விளையாட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேன்பார்த்தல். இந்தச் சொல்லை வேண்டுமென்றே ஆள்கிறேன். ஆய்வெழுத்தில் புழங்கும் ‘உடல் சீராட்டல்’ போன்ற மொழிபெயர்ப்புகளைவிட, திண்ணையில் ஒருத்தி மற்றொருத்தியின் தலையை மடியில் கிடத்திக்கொள்ளும் அந்தக் காட்சிக்கு நாம் வைத்திருக்கும் பெயரே துல்லியமானது. நாகானோ மாவட்டத்து ஜிகோகுதானியில் குரங்குகளின் விரலசைவை நெருங்கிக் கவனித்த தனாகாவும் தகெஃபுஷியும், அவை மயிரிலிருந்து எடுத்து வாயிலிடுபவை பெரும்பாலும் பேன் ஈர்களே என்று 1993-இல் காட்டினர். ஈர் எடுப்பது உடலுக்குச் செய்யும் உண்மையான உதவி. முதுகிலும் பிடரியிலும் தன் கையால் அதைச் செய்துகொள்ள முடியாது. யாரை முதுகுப்பக்கம் வரவிடலாம் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. பெண் குரங்குகள் அதைப் பெரிதும் தாய், மகள், சகோதரி எனும் வட்டத்துக்குள்ளேயே கொடுத்து வாங்குகின்றன.

இனி, உணவூட்டம் இந்த உறவை என்ன செய்கிறது? எளிய கணக்கு ஒன்று சொல்லப்படுவதுண்டு: தீனி தேடும் நேரம் மிச்சமானால் அது உறவுக்குப் போகும். இக்கணக்கு அவ்வளவு நேராக இல்லை. கென்யாவின் அம்போசெலியில் விடுதிக் குப்பையில் உண்ட பபூன் கூட்டம் இரை தேடும் நேரத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டது. மிச்சத்தின் பெரும்பகுதி ஓய்வாகவே கழிந்தது. கியோத்தோவை ஒட்டிய அரஷியாமாவில், 1979-இல் மைக்கேல் ஹஃப்மன் முதன்முதலில் பதிவுசெய்த கல்விளையாட்டு, உண்டு முடித்த ஓய்வில் கற்களைக் குவித்தும் உரசியும் பொழுதைப் போக்கும் பழக்கம், அந்த நேரம் வேறு வழியிலும் செலவாகும் என்பதற்குச் சான்று. நேரம் கிடைப்பது ஒரு வாய்ப்பு மட்டுமே. அதை நட்பாக்குவது வேறொன்று.

அந்த வேறொன்றில் முதலாவது, உணவு தரையில் கிடக்கும் விதம். குவியலாகக் கொட்டினால் வலியது ஒன்று அதன்மேல் அமர்ந்துகொள்ளும். பரவலாக இறைத்த மணியை எந்த வலியதும் காவல்காக்க இயலாது. தகசகியாமாவிலேயே இதைக் காணலாம். அடிக்கடி இறைக்கப்படும் கோதுமையை நூற்றுக்கணக்கான குரங்குகள் குனிந்த தலை நிமிராமல் பொறுக்கித் தின்கின்றன. நீண்ட இடைவெளியில் வரும் கிழங்குக்கோ ஓட்டமும் கூச்சலும் பறிப்புமாக இருக்கிறது. கூட்டமும் இடமும் ஒன்றே. மாறியது தீனியின் அளவும் அது வரும் இடைவெளியும்தான். ‘உணவூட்டப்படும் கூட்டம்’ என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கி எழுதும் கட்டுரைகள் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிடுகின்றன.

இரண்டாவது, கூட்டத்தின் சொந்த இயல்பு. எனக்கு மிக வலுவாகப் படும் சான்றுகள் இங்கே உள்ளன. குளிர்காலத்தில் ஜப்பானியக் குரங்குகள் ஒன்றையொன்று தழுவி உருண்டையாக அமர்வதை அந்நாட்டவர் ‘சாரு தாங்கோ’ என்பர். தாங்கோ என்பது அரிசிமாவு உருண்டை. ஷோதோஷிமா தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட குரங்குகள் ஒரே உருண்டையாக அமர்ந்த பதிவு உண்டு. தகசகியாமாவிலும் உணவிடுகிறார்கள், அங்கும் குளிருண்டு, கூட்டமும் பெரிது. ஆயினும் அங்கே உருண்டைகள் இவ்வளவு வளர்வதில்லை. நூறு குரங்குகள் நெருங்கி அமர, தன் உறவல்லாததும் தன்னைவிட உயர்ந்ததும் தோளில் உராய்வதைப் பொறுக்கும் மனம் வேண்டும்.

அவாஜி தீவின் கூட்டமும் அத்தகையது. 1967 முதல் இயங்கும் அங்குள்ள உணவிடத்தில், தாழ்ந்த தரத்தவையும் உயர்ந்தவற்றின் அருகில் அமர்ந்து உண்கின்றன. கைகாலில் பிறவிக் குறையுடைய குட்டிகள் பல அங்கே பிறந்திருக்கின்றன. அவற்றுள் வளர்ந்து முதிர்ந்து தாமும் குட்டி ஈன்றவை உண்டு. 2019-இல் கைகைஷி, நகமிச்சி, யமதா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்தப் பொறுமையை நேரடியாகச் சோதித்தது. ஒரு கயிற்றின் இரு முனைகளை இரு குரங்குகள் ஒரே நேரத்தில் இழுத்தால் மட்டுமே உணவு அருகே வரும். ஒன்று தனியே இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். அவாஜிக் குரங்குகள் பாதிக்கும் மேற்பட்ட முறை வென்றன. ஒகயாமா மாவட்டத்துக் கத்சுயாமாவில் வெற்றி மிக அரிது. அக்கூட்டத்துக்கும் மனிதர் உணவிடுகிறார்கள். அங்கே குறைபட்டது கையின் திறன் என்று நான் கருதவில்லை. கயிற்றின் மறுமுனைக்கு வர இன்னொரு குரங்கு துணிய வேண்டும், வந்ததை முதல் குரங்கு விரட்டாமல் இருக்க வேண்டும்.

தீவுக் கூட்டங்கள் பிரிந்து வாழ்வதால் இந்தச் சாந்தம் பிறவிக்குணமாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். அது என் வாதத்தைக் குலைக்காது. மரபோ பழக்கமோ, கூட்டத்துக்குக் கூட்டம் இயல்பு வேறாக இருக்கிறது, உணவூட்டம் அந்த வேறுபாட்டை அழித்துவிடவில்லை என்பதே நான் சொல்ல வருவது. ஆய்வாளர் பெர்னார் தியெரி மக்காக் இனங்களைப் பொறுமையின் அளவால் நான்கு படிகளில் வகுத்தபோது ஜப்பானியக் குரங்கைக் கடுமையான முதற்படியிலும், நம் ஊர்க் கோயில்களில் திரியும் நாட்டுக்குரங்கைச் சாந்தம் மிகுந்த மூன்றாம் படியிலும் வைத்தார். முதற்படி இனத்துக்குள்ளேயே அவாஜியும் கத்சுயாமாவும் இவ்வளவு விலகி நிற்கின்றன. ஆகவே, ஓர் இனத்தின் ஒரு கூட்டத்தை உணவிடத்தில் பார்த்துவிட்டு இனத்துக்கே குணம் எழுதுவது துணிச்சலான செயல்.

நட்பின் தடங்கள் இன்னோரிடத்திலும் துலங்குகின்றன. 1953-இல் கோஷிமாவில் இமோ என்ற ஒன்றரை வயதுப் பெண் குரங்கு கிழங்கை நீரில் கழுவித் தின்றதை முதலில் கண்டவர் அப்பகுதிப் பள்ளி ஆசிரியை மிதோ சத்சுவே. அப்பழக்கம் எப்படிப் பரவியது என்பதை கவாய் 1965-இல் எழுதினார். அது முதலில் சென்றது இமோவின் விளையாட்டுத் தோழர்களுக்கும் தாய்க்கும். விலகியே இருந்த முதிய ஆண்கள் கற்கவில்லை. தரவரிசையை வரைந்த அதே ஆய்வாளர்களின் குறிப்பேடுகளில், யார் யாரோடு ஒட்டி இருந்தார்கள் என்னும் வேறொரு வரைபடமும் இப்படிப் பதிவாகியிருந்தது. கிழங்கு கடற்கரைக்கு வந்தது மனிதர் கையால். அதைக் கழுவும் பழக்கம் சென்ற வழி குரங்குகள் தாமே அமைத்துக்கொண்ட உறவின் வழி.

1972 முதல் கோஷிமாவில் உணவு பெரிதும் குறைக்கப்பட்டபோது பிறப்பு குறைந்தது, குட்டிகளின் இறப்பு கூடியது. உணவிடுவதைப் போலவே நிறுத்துவதும் அந்தத் தாய்களின் வாழ்வில் புகுந்து மாற்றும் செயல்தான். இனி உணவிடங்களில் உறவை அளப்பவர்கள், எவ்வளவு உணவு என்பதோடு அது எத்தனை அடி பரப்பில், எவ்வளவு நேர இடைவெளியில் விழுந்தது என்பதையும், அந்தக் கூட்டம் எத்தனை தலைமுறையாக அப்படி உண்டு வந்திருக்கிறது என்பதையும் பேன்பார்த்தல் கணக்கின் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.