சமையலறையில் இருந்து லார்டு ரேலேவுக்கு ஒரு கடிதம்

எண்ணெய்ப் பாத்திரத்தை ஊற வெச்ச தண்ணி மேல ஒரு மெல்லிசான படலம் மிதக்கும், பார்த்திருப்பீங்க. நான் அதைக் கொட்டிட்டுப் போற ஆளு. ஜெர்மனியில, பிரவுன்ஷ்வைக் நகரத்துல இருந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் அந்த மாதிரிப் படலத்தை அளந்து பார்த்தாங்க.

1880கள்ல அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மாட்டாங்க. தம்பி இயற்பியல் படிக்கப் போனார். அக்கா வீட்டையும் நோயாளிப் பெற்றோரையும் கவனிச்சுக்கிட்டாங்க. தம்பியோட புத்தகங்கள்தான் அவங்களுக்குக் காலேஜ்.

செட்டப் ரொம்ப சிம்பிள். 70 செ.மீ. நீளத் தகரத் தொட்டி, விளிம்பு வரைக்கும் தண்ணி, குறுக்கே ஒரு தகரப் பட்டை. பட்டையைத் தள்ளினா படலம் நெருங்கும். தண்ணியைத் தொட்டுக்கிட்டிருக்கிற சின்ன பட்டனை மேலே இழுக்க எவ்வளவு விசை வேணும்னு தராசுல பார்ப்பாங்க. படலத்தை நெருக்க நெருக்க முதல்ல பரப்பு இழுவிசை மாறவே இல்லை. ஒரு குறிப்பிட்ட பரப்பளவுக்குக் கீழே போனதும் சட்டுனு இறங்குச்சு. ஏன்னா அதுவரைக்கும் மூலக்கூறுகளுக்கு நடுவுல இடம் இருந்துச்சு. அப்புறம் காலை நேர மெட்ரோதான், தோளோடு தோள் இடிக்குது. படலத்தின் தடிமன் ஒரே ஒரு மூலக்கூறுதான்னு 1899இல் ரேலே விளக்கினார்.

அந்த ரேலேவுக்குத்தான் 1891 ஜனவரியில் போக்கெல்ஸ் கடிதம் எழுதினாங்க, ஜெர்மன்ல. அவர் மனைவி மொழிபெயர்க்க, அவரே 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வெச்சார். மார்ச்சில் அச்சாச்சு.

இன்னிக்கு லேப்ல அந்தக் கருவிக்குப் பேரு லாங்மியூர் தொட்டி. கமிட் ஹிஸ்டரி பார்க்கிற எனக்கு இது உறுத்துது. பரப்பு வேதியியலுக்காக லாங்மியூருக்கு நோபல் கிடைச்சது 1932இல். அதே வருஷம் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி போக்கெல்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துச்சு.