நூலகருக்கு முதலில் வந்த பயிற்சி

பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்குக் கம்பராமாயணச் செய்யுளைப் பாடம் நடத்த வேண்டுமானால் ஆசிரியருக்குப் பி.எட். பட்டம் வேண்டும். அதே மாணவன் கோடை விடுமுறை கழிந்து கல்லூரியில் சேர்கிறான். அங்கே அவனுக்கு அதே கம்பனை நடத்துபவருக்குக் கற்பித்தலில் எவ்விதப் பயிற்சியும் தேவையில்லை. முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வில் வெற்றியும், அல்லது முனைவர் பட்டமும் இருந்தால் நியமன ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே வகுப்பறைக்குள் நுழைந்துவிடலாம். இரண்டு மாத விடுமுறைக்குள் அந்தப் பிள்ளையின் மனம் அப்படி என்னதான் மாறிவிடுகிறது என்று, பள்ளியில் பணியாற்றும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்பதுண்டு.

இவ்வேறுபாடு நேற்று முளைத்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று சைதாப்பேட்டையில் இயங்கும் ஆசிரியர் கல்லூரியின் வேர் 1856-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. ஆசிரியர்க்குப் பயிற்சி தரும் நிறுவனம் பல்கலைக்கழகத்தைவிட ஓராண்டு மூத்தது என்பது பலர் அறியாத செய்தி. பள்ளி ஆசிரியர்களுக்கு எல்.டி. என்னும் பட்டத்தை வழங்கிவந்த அதே பல்கலைக்கழகம், தன் கல்லூரி விரிவுரையாளர்களிடம் அத்தகைய பயிற்சி எதனையும் எதிர்பார்க்கவில்லை. தொடக்கத்தில் அது பாடம் நடத்தும் பல்கலைக்கழகமாகவும் இல்லை. தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகவே இருந்தது. பொருளை அறிந்தவனுக்கு அதனைச் சொல்லத் தெரியாமலா போகும் என்ற எண்ணம் ஆங்கிலேயப் பேராசிரியர்களோடு கப்பலில் வந்தது; அவர்கள் போன பிறகும் அது போகவில்லை.

தமிழ் மரபு இவ்வாறு எண்ணியதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசப் புகுந்த நன்னூல், அவற்றைத் தொடங்குவதற்கு முன்பே பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எப்படிப் பாடம் சொல்ல வேண்டும், எவருக்குச் சொல்ல வேண்டும் என்று வகுத்துக்கொண்டு செல்கிறது. ஆசிரியராகத் தகாதவர்க்குப் பவணந்தியார் நான்கு உவமைகள் காட்டுகிறார். கழற்சிக்காய் பெய்த குடம், மடலுடைய பனை, பருத்தி அடைத்த குடுக்கை, வளைந்த தென்னை என்பன அவை. இட்ட வரிசையில் அல்லாது ஏதோ ஒரு முறையில் கொட்டுபவர், நெருங்க விடாதவர், திணறித் திணறிச் சிறிது சிறிதாகத் தருபவர், நீர் ஊற்றியவனை விட்டு அடுத்த வீட்டானுக்குக் காய் உதிர்ப்பவர் என்று பொருள் விரித்துக்கொண்டால், எந்தக் கல்லூரியின் ஆசிரியர் ஓய்வறையிலும் இந்நால்வரையும் காணலாம்.

அந்த மரபில் கற்பிக்கும் பயிற்சியும் இருந்தது. தனிப் பெயர் மட்டும் அதற்கு இல்லை. உ.வே.சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தபோது கையில் பட்டம் ஏதும் கிடையாது. ஆனால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் அவர். பிள்ளையவர்கள் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் மேற்பார்வையில் மாணவர்க்குப் பாடம் சொன்னவர். தேர்ந்த ஒருவர் அருகிலிருந்து கேட்கும்போது இளையவர்க்குக் கற்பிப்பதைவிட மேலான ஆசிரியப் பயிற்சி வேறு என்ன இருக்க முடியும்? ஆங்கிலக் கல்லூரி அந்த முறையை ஒதுக்கியது. அதனிடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை.

இந்த வெற்றிடத்துக்கு நடுவே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முறையான தொழிற்பயிற்சி ஒன்று வேர்கொண்டது. விந்தை என்னவெனில், அது விரிவுரையாளருக்கானதன்று, நூலகருக்கானது.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, சைதாப்பேட்டையில் எல்.டி. பட்டமும் பெற்றவர். 1917-ஆம் ஆண்டு மங்களூர் அரசுக் கல்லூரியில் பணியைத் தொடங்கிப் பின்னர் மாநிலக் கல்லூரிக்கு வந்தார். கணித ஆசிரியர் வேலையை அவர் நேசித்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது நூலகத் துறையில் அவருக்குப் பயிற்சி எதுவும் இல்லை. மாணவர் அரவமற்ற அந்தத் தனிமை தாங்காமல் சில நாட்களிலேயே தம்மைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பிவிடும்படி அவர் வேண்டியதும், இங்கிலாந்து சென்று நூலகப் பணியைக் கற்று வாருங்கள், அதன் பின்னும் விருப்பமில்லையேல் பார்க்கலாம் என்று பல்கலைக்கழகத்தார் சொன்னதும் அவர் வரலாற்றில் புகழ்பெற்ற செய்திகள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919-ஆம் ஆண்டில்தான் நூலகவியல் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ். இவர் குராய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகர். பகலில் தாம் செய்கிற வேலையைத்தான் வகுப்பில் பாடமாகச் சொன்னார். ரங்கநாதன் அவருடைய நூலகத்திலேயே வேலை பழகினார். நாட்டின் பிற பகுதி நூலகங்களையும் சுற்றிப் பார்த்தார். 1925-ஆம் ஆண்டு திரும்பி வந்தவர் கணிதத்துக்குப் போகவில்லை.

இதற்குப் பின் நடந்தவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும். சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தோன்றுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய ஆசிரியர்கள் முன்னிலையில் ரங்கநாதன் தம் நூலக விதிகள் ஐந்தையும் எடுத்துரைக்கிறார். அவை 1931-இல் நூலாகின்றன. இதற்கிடையே 1929-ஆம் ஆண்டுக் கோடையில் சங்கத்தின் சார்பில் நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்குகிறது. 1931-இல் பல்கலைக்கழகமே அதை ஏற்றுக்கொள்கிறது. 1937-இல் அது ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பாக உயர்கிறது. எட்டே ஆண்டுகளில் ஒரு கோடை வகுப்பு பட்டப் படிப்புக்கு மேற்பட்ட தொழிற்கல்வியாக வளர்ந்துவிட்டது. இந்தியாவில் இதுவே முதல் நூலகப் பயிற்சி என்று சிலர் எழுதுவது சரியன்று. பரோடாவில் 1911-ஆம் ஆண்டிலும், லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1915-ஆம் ஆண்டிலும் அமெரிக்க நூலகர்கள் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். சென்னையின் சிறப்பு வேறு. இங்கே பயிற்சியைத் தந்தவர் காலையில் நூல்களை வகைப்படுத்திவிட்டு அதே கையோடு வகுப்புக்கு வந்தவர். 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அந்த நூலக அடுக்குகளுக்கிடையே சோதித்துப் பார்க்கப்பட்ட முறைதான். பயிற்சிக்கும் பணிக்கும் இடையில் ஒரு சுவர்கூட இல்லை. 1956-ஆம் ஆண்டில் ரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை இதே பல்கலைக்கழகத்துக்கு அளித்து, தம் மனைவி சாரதா பெயரையும் இணைத்து நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தினார்.

விரிவுரையாளர் கதைக்குத் திரும்புவோம். விடுதலைக்குப் பின் அமைந்த ராதாகிருஷ்ணன் குழு 1949-இல் தந்த அறிக்கையில், விடுமுறைக்காலப் புத்தொளிப் பயிற்சிகள் நடத்தப்பட வேண்டும் என்றது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக அப்போதிருந்த ஆ.லட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவின் உறுப்பினர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு இன்னும் தெளிவாகப் பேசியது. புதிய விரிவுரையாளர்க்குப் பணியறிமுகம் வேண்டும், பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கென நிலையான பணியாளர் கல்லூரிகளே அமையலாம் என்று அது சொன்னது. அறிக்கைகள் அலமாரிக்குச் சென்றன. அறுபதுகளில் அமெரிக்க உதவியோடு நடந்த கோடைக்கால நிறுவனங்களும், எழுபதுகளில் பல்கலைக்கழக மானியக் குழு முன்னெடுத்த சில மேம்பாட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் பாட அறிவைப் புதுப்பித்தவை. எம்.ஃபில். பட்டமும் விரிவுரையாளராகப் போகிறவர்க்கான முன்தயாரிப்பு என்ற எதிர்பார்ப்போடு பரவியது. சில பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் திறன் பற்றி அதில் ஒரு தாளும் இருந்தது. நடைமுறையில் அது சிறிய முனைவர் பட்டமாகவே நின்று, 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளோடு மறைந்தும் போயிற்று.

திருப்பம் 1986-இல் நேர்ந்தது. அவ்வாண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் நாற்பத்தெட்டு, தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை, திருச்சிப் பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. புதியவர்க்கு நான்கு வார ஓரியண்டேஷன், மற்றவர்க்கு ரெஃப்ரெஷர் எனப்படும் புத்தொளிப் பயிற்சி. கோத்தாரி சொல்லி இருபதாண்டுகளுக்குப் பின், சென்னை நூலகப் பள்ளி தொடங்கி ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்குப் பின், கல்லூரி ஆசிரியனுக்குப் பயிற்சி என்ற ஒன்று வந்தது.

வந்தது தனியாக வரவில்லை. ஊதிய உயர்வோடு பிணைந்து வந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட பதவி மேம்பாட்டு விதிகளின்படி, விரிவுரையாளர் முதுநிலை ஊதியம் பெற எட்டாண்டுப் பணியோடு இரண்டு புத்தொளிப் பயிற்சிகளும் தேவைப்பட்டன. இந்த முடிச்சு இல்லாதிருந்தால் பணியாளர் கல்லூரிகள் ஈயோட்டிக்கொண்டிருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே முடிச்சுதான் பயிற்சியின் உயிரையும் உறிஞ்சியது என்பது என் கருத்து. பணியில் சேர்ந்தவுடன் தேவைப்படும் அறிமுகம், பதவி உயர்வுக் கோப்பு நகரும் ஆண்டில் நினைவுக்கு வருகிறது. பயிற்சியை முடிப்பதற்கான காலக்கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டதே, எத்தனை பேர் அதனைக் கடைசி வரை தள்ளிப்போட்டார்கள் என்பதற்குச் சான்று. நான்கு வாரமும் ஆறு மணிநேரம் விரிவுரை கேட்டு, விரிவுரை நிகழ்த்துவது எப்படி என்று கற்கும் வேடிக்கையும் இதில் உண்டு.

முற்றிலும் வீண் என்று சொன்னால் நன்றி மறந்தவனாவேன். நான் சென்ற பயிற்சியில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தம் அமர்வில் சொற்பொழிவே ஆற்றவில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்துங்கள், மற்றவர்கள் மாணவராக இருந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் அமர்ந்தார். வணிகவியலும் விலங்கியலும் நடத்துபவர்களுக்கு நான் அன்றில் வரும் குறுந்தொகைப் பாட்டொன்றை நடத்தினேன். சிவந்த தலை, இறாலைப் போல் வளைந்த அலகு என்று சொல்லி முடிப்பதற்குள் விலங்கியல் விரிவுரையாளர் கையை உயர்த்தி, அரிவாள்மூக்கன் பறவையையா சொல்கிறீர்கள் என்றார். சேற்றைக் கிளறி இரை தேட அந்த வளைவு எப்படி உதவுகிறது என்பதையும் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அன்றில் எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது கிடக்கட்டும். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் பறவையின் படத்திலிருந்துதான் தொடங்குகிறேன். திருவாவடுதுறையில் நடந்ததும் குராய்டனில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. செய்துகாட்டு, பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்கட்டும். நான்கு வாரத்தில் அத்தகைய அமர்வு அந்த ஒன்றுதான்.

பெயர்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. கல்விப் பணியாளர் கல்லூரி 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையம் ஆனது. 2023-இல் மாளவியா பெயரால் அமைந்த ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் மையமாயிற்று. வகுப்புகள் பலவும் இணையவழிக்குச் சென்றுவிட்டன. இது நமக்கு மட்டும் நேர்ந்த குறை என்று வருந்தவும் தேவையில்லை. இங்கிலாந்திலேயே புதிய விரிவுரையாளர்க்குக் கற்பித்தல் பயிற்சி வேண்டும் என்று டியரிங் குழு வலியுறுத்தியது 1997-ஆம் ஆண்டில்தான்.

ஆசிரியரல்லாத பணியாளர் நிலை என்ன? நூலகர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் இம்மையங்களில் இடமுண்டு. அலுவலகப் பணியாளர்க்கு ஒரு வார அளவிலான குறும்பயிற்சிகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. அரசுக் கல்லூரி அலுவலகத்துக்குத் தேர்வாணையம் வழியே வரும் இளநிலை உதவியாளரோ பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடித்தாக வேண்டும். கோப்பு எப்படித் தொடங்குவது, தன்பதிவேடு எப்படி எழுதுவது என்றெல்லாம் அங்கே கற்றுவிட்டு வருகிறார். ஆக, ஒரு கல்லூரியில் நூலகர் நூலகவியல் படித்தவர். இளநிலை உதவியாளர் பவானிசாகர் சென்று வந்தவர். வகுப்பறையில் நிற்பவர் மட்டுமே தம் வேலையை வேலையில் சேர்ந்த பின் தாமே பழகிக்கொள்பவர்.

அவ்வாறு நிற்பவருள்ளும் இன்று அரசுக் கல்லூரிகளில் மிகப் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். மூன்று கல்வியாண்டுகள் பணியாற்றிய தற்காலிக ஆசிரியர்களும் பயிற்சியில் சேரலாம் என்று மானியக் குழுவின் பழைய வழிகாட்டு நெறிகளிலேயே இடமுண்டு. ஆனால் பயிற்சியைப் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டுவிட்ட பிறகு, பதவி உயர்வே இல்லாதவருக்கு அந்தச் சான்றிதழால் என்ன பயன்? சென்ற ஆண்டு எங்கள் துறையின் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் இணையவழிப் பயிற்சியொன்றில் தாமாகவே பதிவு செய்துகொண்டார். சங்கப் பாட்டை முதலாண்டு மாணவர்க்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று எவரேனும் சொல்வார்களா என்று பார்க்கத்தான் சேர்ந்தேன் என்றார். அன்றைய அமர்வு தரமதிப்பீட்டுப் படிவங்களை நிரப்பும் முறை பற்றியது.