தைத்த கலமும் சோதனைத் தொட்டியும்: பரிசோதனைத் தொல்லியலில் கையும் எந்திரமும்

பரிசோதனைத் தொல்லியலில் எந்திரத்துக்கு எவ்வளவு இடம் தரலாம் என்ற விவாதம் அரை நூற்றாண்டாக நடக்கிறது. அக்காலத்தில் கிடைத்த பொருள்களையே பயன்படுத்த வேண்டும், அக்கால மக்களின் திறனுக்கு மீறிய முறைகள் கூடாது என்று 1973இல் ஜான் கோல்ஸ் வரையறுத்தார். கற்கருவிகளை ஆராய்ந்த ஹரால்டு டிபிள் வேறு வழியில் போனார். கண்ணாடிக் கட்டிகளை எந்திரத்தால் அடித்து, விசையையும் கோணத்தையும் தனித்தனியே மாற்றிச் சில்லுகளை அளந்தார். இவற்றுள் எது சரி என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கேள்விக்குக் கை, எதற்கு எந்திரம் என்றே கேட்க வேண்டும். அதற்கான நல்ல சான்று தென்சென்னையிலேயே இருக்கிறது.

பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யும் கலம் சென்னைக் கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் வருமுன் கப்பலில் வந்த ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரையேறினர். அதில் பலகைகளை இணைக்க ஆணி கிடையாது, உள்ளே விலாச் சட்டமும் கிடையாது. தென்னை நார்க் கயிற்றால் தைத்த பலகைகள் மட்டுமே. அலை தூக்கி மணலில் அடித்தால் விறைப்பான படகு பிளக்கும், இது நெளிந்து கொடுக்கும். 1875இல் துறைமுகப் பணி தொடங்கியது. நாளடைவில் இப்படகின் தேவை குறைந்தது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனால் தைக்கும் கையின் நுட்பம் ஏட்டில் முழுமையாக ஏறுவதில்லை.

அஜந்தா ஓவியத்தில் உள்ள 5ஆம் நூற்றாண்டுக் கப்பலைத் தைத்த கலமாகவே மீட்டுருவாக்கும் முயற்சிக்கு, 2023இல் பண்பாட்டு அமைச்சகமும் கடற்படையும் ஹோடி இன்னோவேஷன்ஸ் நிறுவனமும் ஒப்பந்தமிட்டன. வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. ஓவியத்திலிருந்தே வடிவத்தை ஊகித்தாக வேண்டும். ஊகித்த அந்த வடிவம் நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அடையாறு பக்கத்து ஐஐடி வளாகத்தின் கடல்சார் பொறியியல் துறை தொட்டியில் மாதிரி வைத்துச் சோதித்தது. கோவாவில் கேரளத்து பாபு சங்கரன் தலைமையிலான தச்சர்கள் பலகைகளை ஆவியில் வளைத்து, கயிற்றால் தைத்து, தேங்காய் நாரும் குங்கிலியமும் மீனெண்ணெயும் கொண்டு இடுக்குகளை அடைத்தார்கள்.

இந்தப் பங்கீடு சரியானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 1872இல் வில்லியம் ஃப்ரூட் டார்க்கீயில் சோதனைத் தொட்டி அமைத்த காலத்திலிருந்தே, சிறு மாதிரியைக் கொண்டு பெரிய கலத்தின் நீர்த்தடையைக் கணிக்க முடிகிறது. தொட்டி சொல்லும் விடை வடிவத்தைப் பற்றியது. கயிறு எவ்வளவு நீளும், நார் எப்படி ஊறி உப்பும், தையல் எங்கே தளரும் என்பவற்றை மாதிரியோடு சேர்த்துச் சிறிதாக்க முடியாது. இழுப்பு மிஞ்சினால் பலகையோரம் நசுங்கும், குறைந்தால் தண்ணீர் கசியும். அந்த அளவைக் கைதான் அறியும். தையலை எந்திரத்திடம் விட்டிருந்தால் கப்பல் மிதந்திருக்கலாம், ஆனால் பண்டைய தொழிலைப் பற்றி நமக்கு எதையும் சொல்லியிருக்காது.

2025 மே மாதம் ‘ஐஎன்எஸ்வி கௌண்டின்யா’ என்ற பெயருடன் கடற்படையில் சேர்ந்த அக்கப்பல், டிசம்பர் 29இல் போர்பந்தரிலிருந்து பாய் விரித்து 2026 ஜனவரி 14இல் மஸ்கட்டை அடைந்தது.

அடுத்த சோதனைக்கு மசூலாப் படகை எடுக்க வேண்டும். தொட்டி உள்ள வளாகத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நொச்சிக்குப்பத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். கண்ணாடியிழைப் படகுகள் நிறைந்துவிட்ட அக்குப்பங்களில் மரக்கலம் அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே, ஆய்வாளர்கள் ஒளிப்படக் கருவியோடு அவர்களிடம் போக வேண்டும்.