சட்டமன்றத்துக்கு மேல் ஒரு சட்டம்: சிதம்பரம் கோயில் வழக்குகள், 1890–2014

1951 டிசம்பர் 13 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரே அமர்வு, சத்தியநாராயண ராவும் ராஜகோபாலனும், அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த சில மனுக்களில் தீர்ப்பளித்தது. அவற்றுள் உடுப்பிச் சிரூர் மடத்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சட்டக் கல்லூரி மாணவர் அனைவரும் படிக்கும் வழக்காயிற்று. சிதம்பரம் நடராசர் கோயிலில் பரம்பரையாகப் பூசை செய்யும் பொதுத் தீட்சிதர்களின் வழக்குக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. சட்டமன்றத்தின் கையை அதற்கு மேலான சட்டம் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க விரும்புபவருக்கு என் கணிப்பில் சிதம்பரமே மேலான சான்று. அதற்கு நீண்ட முன்கதையும் அதைவிட நீண்ட பின்கதையும் உண்டு.

முன்கதையில் கேள்வியே வேறு. நடராசர் கோயில் தங்கள் சொந்தச் சொத்து என்று தீட்சிதர்கள் வாதிட்டார்கள். 1890 மார்ச் 17 அன்று முத்துசாமி ஐயர், ஷெப்பர்டு அமர்வு அதை ஏற்கவில்லை. இது பொதுக்கோயில் என்றது. யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதோடு முடிந்தது. அடுத்தது யார் எப்படி நடத்துவது என்பது. 1925இல் சென்னைச் சட்டமன்றம் இந்து அறநிலையச் சட்டம் இயற்றியது. அது முறைப்படி நிறைவேறியதா என்ற ஐயம் கிளம்பவே 1927இல் மறுபடி இயற்ற வேண்டியதாயிற்று. லண்டன் வகுத்த வரம்புக்குள் இயங்கிய சட்டமன்றம் அது. மேலான சட்டம் என்பது நமக்கு 1950இல் வந்த புதுமை அல்ல. அச்சட்டத்தின்கீழ் அறநிலைய வாரியம் 1933இல் சிதம்பரத்துக்கு ஒரு நிர்வாகத் திட்டம் வகுத்தது. வழக்கு கடலூரிலிருந்த தென்னார்க்காடு மாவட்ட நீதிமன்றம் போய், 1939இல் உயர் நீதிமன்றத்தில் சில திருத்தங்களோடு முடிந்தது. சட்டமன்றத்துக்கு இதில் கைவைக்க அதிகாரம் உண்டா என்ற கேள்வி அப்போது எடுபட்டிருக்காது.

1951 ஆகஸ்ட் 28 அரசாணை கோயிலுக்குச் செயல் அலுவலரை அமர்த்த வழி செய்தபோது தீட்சிதர்கள் கையில் புதிய ஆயுதம் இருந்தது. அரசியலமைப்பின் 26ஆம் கூறு, சமயப் பிரிவு ஒன்றுக்குத் தன் சமயக் காரியங்களைத் தானே நடத்தவும் தன் சொத்தைச் சட்டப்படி நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. தீட்சிதர்கள் அப்படி ஒரு பிரிவுதானா? இதைத் தீர்மானிக்க நீதிபதிகள் கோயிலின் அன்றாடத்துக்குள் இறங்கினார்கள். மணமான தீட்சிதருக்கே பூசையில் பங்கு. இருபது பேர் ஓர் அணியாகி, இருபது நாள் முறையில், சந்நிதிகளைச் சுற்றிச் சுற்றிப் பூசை செய்வார்கள். முறை வைத்துப் பூசை செய்யும் இந்தப் பழைய ஏற்பாடே அரசாணையை வீழ்த்தும் சாட்சியாயிற்று. அரசு மேல்முறையீடு செய்தது. பிறகு தானே ஆணையைத் திரும்பப் பெறவே, 1954 பிப்ரவரி 9 அன்று முறையீடு தள்ளுபடியானது. அடுத்த மாதமே சிரூர் மடத் தீர்ப்பு வந்து 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் பல பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது.

அடிபட்ட சட்டமன்றம் என்ன செய்தது என்பதுதான் இதில் சுவையான பகுதி. புதிய அறநிலையச் சட்டமான 1959ஆம் ஆண்டின் 22ஆம் சட்டத்தில் 107ஆம் பிரிவைத் தானே எழுதிக்கொண்டது: இச்சட்டத்தில் உள்ள எதுவும், சில விலக்குகள் நீங்கலாக, 26ஆம் கூறு தரும் உரிமைக்கு மாறான அதிகாரத்தைத் தராது. ஐரோப்பாவில் இதற்கு உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. 1964இல் கோஸ்டா வழக்கில், இரண்டாயிரம் லிராகூடத் தேறாத ஒரு மின்கட்டணத் தகராறில், ஐரோப்பிய நீதிமன்றம் ஐரோப்பியச் சட்டமே நாட்டுச் சட்டத்துக்கு மேல் என்றது. ஐரோப்பிய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை; நீதிமன்றம்தான் அதை வருவித்தது. நம் அரசியலமைப்பின் 13ஆம் கூறோ வெளிப்படையாகவே பேசுகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1972இல் ஐரோப்பியச் சட்டத்துக்கு வழிவிடும் பிரிவைத் தன் கையாலேயே எழுதியது. ஸ்பானிய மீன்பிடிப் படகுகளைப் பற்றிய ஃபேக்டர்டேம் வழக்கில் 1988ஆம் ஆண்டுக் கப்பல் சட்டம் அந்தப் பிரிவின்முன் நிற்கவில்லை. எல்லாம் செய்ய வல்லது என்று பெயரெடுத்த மன்றம் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட கதை அது. கட்டை அவிழ்க்கவும் அதனால் முடிந்தது. 2020இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. மாறாக, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 107ஆம் பிரிவை நீக்கினாலும் 26ஆம் கூறு நின்ற இடத்தில்தான் நிற்கும்.

சிதம்பரத்தில் 1987இல் அரசு மறுபடி செயல் அலுவலரை அமர்த்த ஆணையிட்டது. வழக்கு இருபது ஆண்டுக்கு மேல் நீண்டு, 2009இல் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் பிறகு இரு நீதிபதி அமர்வும் அரசுப் பக்கம் நின்றார்கள். 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் சௌகான், பாப்டே அமர்வு அதை மாற்றியது. தீட்சிதர்கள் ஒரு சமயப் பிரிவு என்பது 1951இலேயே முடிந்த விஷயம், மறுபடி கிளற முடியாது என்றது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது இன்னொன்று. நிர்வாகச் சீர்கேடு இருந்தால் அரசு தலையிடலாம். ஆனால் சீர்கேடு தீரும்வரைதான், காலவரையின்றி அல்ல. 1974இல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் ஐரோப்பியச் சட்டத்துக்குப் போட்ட கடிவாளமும் இதே இலக்கணத்தில் அமைந்தது. அடிப்படை உரிமைகளுக்கு ஐரோப்பாவில் போதிய காப்பு வராத 'வரையில்' நாங்களே சோதிப்போம் என்றது. 'வரையில்' என்பதற்கான ஜெர்மன் சொல்லே, 'ஸோலாங்கே' என்று, அத்தீர்ப்பின் பெயராகிவிட்டது. அங்கே கடிவாளம் ஐரோப்பாவின் வாயில், இங்கே அரசின் வாயில். இரண்டிலும் அதிகாரத்துக்கு எல்லை போட்டது 'வரை' என்னும் சிறு சொல்.

2014க்குப் பின் தகராறு கணக்குப் புத்தகத்தை விட்டுப் படிக்கட்டுக்கு நகர்ந்திருக்கிறது. நடராசர் சந்நிதிக்கு முன்னுள்ள மேடையான கனகசபை மீதேறி வழிபடப் பக்தர்களை அனுமதித்து 2022 மே 17 அன்று அரசாணை வந்தது. 2023 ஜூனில், ஆனித் திருமஞ்சன விழாவை ஒட்டிச் சில நாள் யாரும் ஏறக்கூடாது என்று தீட்சிதர்கள் வைத்த அறிவிப்புப் பலகையை அறநிலையத் துறையினர் காவல்துறை துணையோடு அகற்றினார்கள்.