மான் வேட்டையில் துப்பாக்கிக் குண்டின் எடை

மான் வேட்டையில் துப்பாக்கிக் குண்டின் எடை என்பது மானின் உடல் அளவு, சுடும் தொலைவு, துப்பாக்கிக் குழலின் அமைப்பு ஆகியவற்றுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படும் அளவாகும். சுடப்பட்ட விலங்கு காயத்துடன் ஓடித் துன்புறாமல் விரைவில் இறக்க வேண்டும் என்பது இத்தேர்வின் முதன்மை நோக்கம் ஆகும். மான் வேட்டை உரிமத்துடன் நடைபெறும் சில நாடுகளில் குண்டின் குறைந்த அளவு எடை சட்டத்தினாலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் மான் வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் திருவண்ணாமலை மாவட்டத்தின் சவ்வாது மலை போன்ற பகுதிகளில் நாட்டுத் துப்பாக்கி கொண்டு நடைபெறும் கள்ள வேட்டையை விளங்கிக்கொள்ளவும் இவ்வளவுகள் உதவுகின்றன.

அலகு

தோட்டா வேறு, குண்டு வேறு. உறை, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா எனப்படும். சுட்டவுடன் குழலை விட்டு வெளியேறிச் செல்வது குண்டு மட்டுமே.

குண்டின் எடை பொதுவாகக் கிரெய்ன் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. பொற்கொல்லர் வழக்கிலிருந்த குன்றிமணியைப் போலவே இதுவும் ஒரு விதையின் எடையிலிருந்து தோன்றிய அளவாகும். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு ஆகும். எனவே 150 கிரெய்ன் குண்டு என்பது ஏறத்தாழ 9.7 கிராம் எடையுள்ளது.

எடையின் விளைவுகள்

ஒரே வகைத் தோட்டாவில் குண்டின் எடை கூடினால் அதன் வேகம் குறையும். எடுத்துக்காட்டாக, .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவில் 150 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 885 மீட்டர் வேகத்திலும், 180 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 823 மீட்டர் வேகத்திலும் குழலை விட்டு வெளியேறும். இவற்றின் இயக்க ஆற்றல் முறையே ஏறத்தாழ 3,800 சூல், 3,950 சூல் ஆகும். ஆற்றலில் வேறுபாடு சிறிதே எனினும், கனமான குண்டின் உந்தம் 10 விழுக்காட்டுக்கும் மேல் மிகுதியாகும். ஆகவே அது தடித்த தசையையும் எலும்பையும் ஊடுருவி ஆழமாகச் செல்லும். இலேசான குண்டு வேகமாகச் செல்வதால் நடுத்தரத் தொலைவு வரை குறைவாகவே கீழிறங்கும், குறிபார்த்தல் எளிதாகும்.

ரைபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலுக்குள் திருகு வரிகள் வெட்டப்பட்டிருக்கும். இவை குண்டைச் சுழலச் செய்து அதன் பாதையை நிலைப்படுத்துகின்றன. ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளமாகும். நீளமான குண்டுக்கு விரைவான சுழற்சி தேவை. குழலின் வரிகளுக்குப் பொருந்தாத எடையுள்ள குண்டு குறி தவறும்.

குண்டின் கட்டமைப்பும் எடையளவுக்கு முக்கியமானது. வேட்டைக்குரிய மென்முனைக் குண்டு உடலுக்குள் விரிந்து அகன்ற காயத்தை உண்டாக்கும். முழு உலோக உறையிட்ட படைத்துறைக் குண்டு விரியாமல் ஊடுருவிச் சென்றுவிடக்கூடும். எவ்வளவு எடையுள்ள குண்டாயினும் இதயம், நுரையீரல் பகுதியில் படாவிட்டால் விலங்கு விரைவில் இறப்பது அரிது.

பொதுவான அளவுகள்

• 80 முதல் 100 கிரெய்ன்: .243 வின்செஸ்டர். சிறிய, நடுத்தர மான்கள்.
• 130 கிரெய்ன்: .270 வின்செஸ்டர் (1925). நடுத்தர மான்கள்.
• 150 முதல் 165 கிரெய்ன்: .308 வின்செஸ்டர் (1952), .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு (1906). வட அமெரிக்க வெள்ளைவால் மான்.
• 180 கிரெய்ன்: .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு. எல்க் போன்ற பெரிய மான்கள்.

தமிழ்நாட்டு மான்களில் புள்ளிமான் உடல் எடையில் வெள்ளைவால் மானை ஒத்தது. வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோகிராமுக்கும் மேல் வளரக்கூடியது.

பிற நாட்டுச் சட்டங்கள்

ஸ்காட்லாந்தில் 1985ஆம் ஆண்டின் ஆணை மான்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 100 கிரெய்ன் எடையும், சிறிய வகையான ரோ மானுக்குக் குறைந்தது 50 கிரெய்ன் எடையும் வேண்டும் என விதித்தது. இவற்றுடன் குறைந்த அளவு வேகமும் ஆற்றலும் குறிக்கப்பட்டன. 2023இல் பொது வரம்பு 80 கிரெய்னாகக் குறைக்கப்பட்டது.

இம்மாற்றத்திற்கு ஈயத்தின் நச்சுத்தன்மை ஒரு காரணமாகும். ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது நுண்துகள்கள் இறைச்சியில் தங்குகின்றன. அவ்வுடலை உண்ணும் பறவைகளும் மனிதரும் பாதிப்படையலாம். இதனால் செப்புக் குண்டுகள் ஊக்குவிக்கப்படுகின்றன. செம்பின் அடர்த்தி ஈயத்தினும் குறைவு என்பதால், ஒத்த அளவுள்ள செப்புக் குண்டின் எடையும் குறைவாக இருக்கும். கலிபோர்னியாவில் 2019 சூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகள் முழுமையாகத் தடை செய்யப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டில்

ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரியில் கடமான் வேட்டை பரவலாக நடைபெற்றது. விலங்குகள் குறைந்து வருவதைக் கண்ட வேட்டைக்காரர்கள் 1877இல் ஒரு காப்புச் சங்கத்தை அமைத்தனர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமமும் வேட்டைக்குத் தடைக்காலமும் அதன்வழி நடைமுறைக்கு வந்தன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வுரிம முறையை நீக்கியது. எனவே இன்று இந்தியாவில் பொழுதுபோக்காகவோ இறைச்சிக்காகவோ மானைச் சுடுவதற்குச் சட்டம் ஏற்கும் குண்டு எடை எதுவும் இல்லை.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வழி செய்கிறது. இவ்வுரிமம் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு உரியது. மான் வேட்டைக்கு அனுமதி ஆகாது.

திருவண்ணாமலைப் பகுதியில்

திருவண்ணாமலை நகரின் அருணாசல மலை (814 மீட்டர்) அடிவாரக் காடுகளிலும், கிரிவலப் பாதையை ஒட்டிய காப்புக்காட்டிலும் புள்ளிமான்கள் வாழ்கின்றன. நகரை ஒட்டி வாழும் இம்மான்களுக்குத் தெரு நாய்களாலும் வாகனங்களாலும் ஆபத்து நேர்கிறது. இங்குள்ள ரமணாசிரமத்தில் பசு, காகம், நாய் ஆகியவற்றுடன் வள்ளி என்னும் மானுக்கும் சமாதி அமைக்கப்பட்டுள்ளது.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள சவ்வாது மலையில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறையினரும் வனத்துறையினரும் பலமுறை கைப்பற்றியுள்ளனர். இத்தகைய துப்பாக்கியின் குழலில் திருகு வரிகள் இருப்பதில்லை. சீரான தோட்டாவுக்கு மாறாக ஈய உருண்டைகளோ, மிதிவண்டியின் பால்ரஸ் போன்ற எஃகு மணிகளோ இடப்படுகின்றன.

6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு மணி ஒன்றின் எடை ஏறத்தாழ 0.9 கிராம், அதாவது 14 கிரெய்ன் ஆகும். இது ஸ்காட்லாந்தில் சிறிய ரோ மானுக்கு விதிக்கப்பட்ட எடையில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. புள்ளிமானோ ரோ மானைவிடப் பெரியது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈய உருண்டை ஏறத்தாழ 160 கிரெய்ன் இருக்கும். எடையில் இது ரைபிள் குண்டுக்கு இணையானது. ஆயினும் உருண்டை வடிவத்தால் காற்றில் விரைவில் வேகம் இழக்கும். சுழற்சி இன்மையால் குறியும் உறுதியாக இராது.

இதன் விளைவாக மான் உடனே விழாமல், வயிற்றிலோ காலிலோ காயமுற்றுக் காட்டுக்குள் ஓடிவிடக்கூடும். அவ்வாறு ஓடிய மான் பின்னர் சீழ்பிடித்தோ, நாய்களிடம் சிக்கியோ இறக்கலாம். ஆதலால் பிடிபட்ட இறைச்சியைக் கொண்டு மட்டும் கள்ள வேட்டையின் இழப்பைக் கணக்கிட இயலாது. இத்துப்பாக்கிகள் மனிதருக்கும் ஆபத்தானவை. மருந்து அளவு மிகுந்தால் குழல் வெடிக்கலாம். இருளில் விலங்கு எனக் கருதி மனிதரைச் சுட்ட நிகழ்வுகளும் தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் நேர்ந்துள்ளன.