மலையக அமைப்புகளும் அவற்றின் ஏடுகளும்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஓர் அமைப்பை முடக்க நினைத்தவர்கள் முதலில் தேடியது அதன் அங்கத்தவர் பட்டியலைத்தான். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று தோட்ட நிர்வாகியான துரைக்குத் தெரிந்துவிட்டால், வேலைநீக்கப் பற்றுச்சீட்டைக் கொடுத்துக் குடும்பத்தையே லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வெளியேற்ற முடிந்தது. தோட்டம் அன்று தனியார் நிலம். அனுமதியின்றி நுழையும் வெளியார்மீது அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனது இதனால்தான். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் தொடங்கிய பின்னும், துண்டுப்பிரசுரங்களோடு அவர் மனைவி மீனாட்சியம்மாளின் பாட்டுகளும் செய்தியைச் சுமந்தன. வாயில் ஏறிவிட்ட பாட்டைப் பறிமுதல் செய்ய வழியில்லை.

கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. லயத்துக் காம்பராக்களுக்கு (அறைகளுக்கு)த் தனி முகவரி கிடையாது. தப்பால்காரர் கொண்டுவரும் பை நேரே தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கிருந்துதான் உரியவர் கைக்குக் கடிதம் வரும். சில தாமதமாகும், சில வராமலே போகும். சங்கத்திலிருந்து யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்பது உறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. இன்றைய இணையக் கண்காணிப்பிலும், யார் யாரோடு தொடர்புகொண்டார் என்ற விவரம் பல வேளை செய்தியைவிடப் பெறுமதியானது. லயங்களுக்குத் தனி முகவரி இல்லாத குறை 21ஆம் நூற்றாண்டிலும் பல தோட்டங்களில் தீரவில்லை.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும், 1939இல் உருவான இலங்கை இந்தியன் காங்கிரசும் சங்கங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. பின்னாளில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை வந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவர் லயம் லயமாக அலைந்து வசூலிக்கும் சிரமம் நீங்கியது. ஆனால் ஒரு காலத்தில் மறைத்துவைக்கப்பட்ட அதே பட்டியல் இப்போது நிர்வாகத்தின் கணக்கேட்டிலேயே இருந்தது.

மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு காகிதத்தின் கனம் கூடியது. பதிவு மூலம் பிரஜாவுரிமை கோர வழிவிட்ட 1949இன் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்கு. தொடர்ந்து வசித்ததைக் காட்டும் சீட்டுகளும் பிறப்புச் சான்றுகளும் உயிர்நாடியாயின. 1977, 1983 வன்செயல்களில் வீடுகளோடு அவையும் எரிந்தன. 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் தொடங்கிய சத்யோதயம் போன்ற நிறுவனங்கள் தோட்ட மக்களிடையே பணிபுரிந்தது இந்தச் சூழலில்தான்.

கணினி வந்ததும், இத்தகைய அமைப்புகளின் ஏடுகளைக் காத்த இரும்பு அலுமாரியின் இடத்தைக் கடவுச்சொல் பிடித்தது. அரசின் கணினி அவசர உதவி அமைப்பு 2006இலும், கணினிக் குற்றச் சட்டம் 2007இலும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலும் வந்தன. கடைசிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போயிற்று. 2023 ஆகஸ்டில் அரசின் மின்னஞ்சல் சேவையே கப்பம் கேட்கும் மென்பொருளுக்கு இரையாகி, மே 17 முதல் மூன்று மாதத்துக்கும் மேலான காலத்து மின்னஞ்சல்கள் தொலைந்தன. அக்காலத்துக்கான பிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை. அதற்கு முன்பே, 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடமிருந்த 5,15,000க்கு மேற்பட்டோரின் விவரங்கள் அந்நியர் கைக்கு எட்டியது தெரியவந்தது. பிரிந்த குடும்பத்தினரைத் தேடுவோரும் அவர்களில் அடங்குவர். ஒரு மென்பொருளுக்கு உரிய நேரத்தில் திருத்தம் போடப்படாததே அந்த ஊடுருவலுக்கு வழிவிட்டது.

தோட்டப்புறச் சிறு அமைப்பு ஒன்று தனியே கணினிப் பிரிவு வைத்துக்கொள்ள முடியாது. ஆளுக்கொரு கணக்கு, இரட்டைச் சரிபார்ப்பு, வலையமைப்போடு இணையாத ஒரு பிரதி, விலகிப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குவது ஆகியவை அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை. குடும்பத்துக்கு ஒரே கைபேசி இருக்கும் இடத்தில், சரிபார்ப்பு எண் யார் கண்ணில் படும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தேவை முடிந்த ஆவணங்களை அழித்துவிடும்படி தரவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்று ஆகியவற்றின் பிரதிகள் எரிந்த சீட்டுகளுக்கு ஈடாக நிற்கும் சமூகத்தில் இதை அப்படியே பின்பற்ற முடியாது. உரியவருக்குப் பிரதியைக் கொடுத்து, அமைப்பிடம் இருப்பதை மறையாக்கம் செய்து வைப்பதே அங்கே பொருந்தும்.