தாலிமெரன் ஆவோ

தாலிமெரன் ஆவோ (28 ஜனவரி 1918 – 13 செப்டம்பர் 1998) சுதந்திர இந்தியாவின் கால்பந்துக் கோஷ்டி முதன்முதலாக ஒலிம்பிக் பந்தயத்தில் இறங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவர், ஆட்டத்தில் நடு ஹாஃப்பேக், தொழிலால் வைத்தியர். நாகர்களுள் ஆவோ வகுப்பைச் சேர்ந்த இவர், இன்றைய நாகாலாந்து ராஜ்யத்தின் மொகொக்சுங் ஜில்லாவிலுள்ள சாங்கி கிராமத்தில், கிறிஸ்தவ மதகுருவாகிய சுபோங்வாதி நிங்தாரியின் பன்னிரு மக்களுள் நான்காமவராகப் பிறந்தார்.

தென்னாட்டில் பொன்மலை போன்ற ரயில்வேக் காலனிகளும், திருச்சி முதலிய நகரங்களின் கல்லூரிகளும் கால்பந்தை ஆதரித்து வளர்த்தன என்றால், நாகர் மலைகளில் அந்தக் காரியத்தை அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் பள்ளிகள் செய்தன. தந்தை ஊழியம் செய்த இம்பூர் மிஷன் வளாகத்தில், கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைத்தே தாலிமெரன் ஆட்டம் பயின்றார். 1935-ல் விஷஜுரம் கண்டு இறந்த தந்தை, தம் மகன் வைத்தியம் கற்று ஜனங்களுக்குத் தொண்டு செய்ய வேண்டுமென்ற விருப்பத்தை விட்டுச் சென்றார். பிற்காலத்தில் எத்தனை புகழ் வந்து சூழ்ந்தபோதிலும், இந்த ஒரு விருப்பமே இவருடைய வாழ்க்கையின் திசையை நிர்ணயித்தது.

ஜோர்ஹாட்டில் பள்ளிப் படிப்பும் குவாஹாத்தி காட்டன் கல்லூரியில் மேற்படிப்பும் முடித்து, மகாராணா கால்பந்துச் சங்கத்துக்காக ஆடிப் பெயர் பெற்றபின், 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். மறு வருஷமே பிரசித்தி பெற்ற மோகன் பகான் சங்கம் இவரை ஏற்றுக்கொண்டது; 1944-ல் அதன் கோஷ்டித் தலைவருமானார்.

அக்காலத்தில் கோல்கீப்பருக்கு முன் இருவரும், அவர்களுக்கு முன் மூவரும், முன்வரிசையில் ஐவருமாக அணி நிற்பது வழக்கம். நடுவில் நின்ற மூவரே ஹாஃப்பேக்குகள். அவர்களுள்ளும் மத்தியில் நிற்பவர், எதிரியின் முன்வரிசையைத் தடுத்து மறிப்பதோடு அமையாது, பிடுங்கிய பந்தை மறுகணமே தம் முன்வரிசைக்கு அனுப்பித் தாக்குதலைத் தொடங்கியும் வைக்க வேண்டியவர் ஆதலால், தேகபலமும் நிதானமும் ஒருங்கே வாய்த்தாலன்றி அந்த ஸ்தானத்தில் நிலைபெற முடியாது. அவ்விரண்டும் வாய்த்த தாலிமெரன் அங்கே நிலைபெற்றார்.

1948-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக் விழாவின் ஆரம்ப வைபவத்தில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்ற பெருமையும் இவருடையதே. பர்மா விலகிக்கொண்டதனால் முதற் சுற்றை ஆடாமலே கடந்த இந்தியா, ஜூலை 31 அன்று இல்ஃபோர்டில் பிரான்ஸை எதிர்த்தது. இந்தியர் பலர் பூட்ஸ் அணியாமல் வெறுங்காலோடு ஆடினர். பிரான்ஸ் முந்திக்கொண்டபின், 70-ஆம் நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் அடித்த கோல் கணக்கைச் சமன் செய்தது. ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மற்றொரு கோல் போட, இந்தியா 1-2 என்று தோற்றது. அதன்பின் ஐரோப்பிய சுற்றுப்பிரயாணத்தில் இக்கோஷ்டி ஹாலந்தின் அயாக்ஸ் சங்கத்தை 5-1 என்று வென்றது. வெறுங்கால் ஆட்டமோ வெகுநாள் நீடிக்கவில்லை. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றபின் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

லண்டனில் தேசத்துக்குத் தலைமை வகித்தபோது தாலிமெரன் இன்னும் வைத்திய மாணவரே. பட்டம் பெற்றது 1950-ல். அதன்பின் ஆட்டத்தை விட்டுத் தொழிலையே மேற்கொண்டார். திப்ரூகட்டில் சில காலம் பணிபுரிந்து, 1953-ல் கோஹிமா ஆஸ்பத்திரிக்கு வந்து, 1963-ல் நாகாலாந்து தனி ராஜ்யமானபோது அதன் சுகாதார சேவை டைரக்டராகி, 1978-ல் ஓய்வு பெற்றார். பந்தாட்டத்தால் வந்த கீர்த்தியை ஜீவனோபாயமாகக் கொள்ளாமல், தந்தையின் சொல்லுக்கு அதை அடக்கி வைத்த அந்தக் கட்டுப்பாடு, ஆடுகளத்தில் இவர் காட்டிய நிதானத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

அஸ்ஸாமில் காலியாபோரிலுள்ள மைதானம் இவர் பெயர் தாங்கி நிற்கிறது. வடகிழக்கு ராஜ்யங்களுக்கான கால்பந்துப் பந்தயக் கோப்பை ஒன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. 2018-ல், இவருடைய நூற்றாண்டை ஒட்டி, இந்தியத் தபால் இலாகா நினைவுத் தபால்தலை வெளியிட்டது.